பின் அச்சின் ஊளை

கொக்குவில் புகையிரதக் கடவையை நெருங்கும்போது பஸ் சாரதி அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தார். எனக்கு எல்லாம் அப்போதுதான் விளங்கியது.

உள்றோட்டால் போகிற பழைய மினிபஸ் அது. எனக்குக் கிடைத்த இருக்கை பின் சில்லுக்கு நேர் மேலே. இணுவிலில் ஏறியதிலிருந்து என் காலுக்குக் கீழே ‘ஊ’ என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். நான் கைபேசியில் எதையோ வாசித்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. கடவைக் கதவு இறங்குவதைக் கண்டு சாரதி காலை எடுத்ததும் அந்தச் சத்தம் வெட்டினாற்போல நின்றது. நின்றதால்தான் கேட்டது. பஸ் இன்னும் உருண்டுகொண்டிருந்தது, எஞ்சினும் முன்னால் பொருமிக்கொண்டிருந்தது, ஊளை மட்டும் இல்லை. முன்னால் நின்ற ஓட்டோ கொஞ்சம் நகர, அவர் மறுபடி மெல்ல மிதித்தார். ஊளை திரும்பி வந்தது, நேராக என் உள்ளங்காலுக்குள்.

எங்கள் வளவில் நிற்கிற லொறியும் இப்படித்தான். மிதித்தால் ஊளையிடும், விட்டால் வாயை மூடிக்கொள்ளும். அதே சுருதி. நான் மாதக்கணக்காக அந்தச் சத்தத்தை முன்னுக்குத் தேடிக்கொண்டிருந்தேன்.

என்னையறியாமல் எழும்பி நின்றுவிட்டேன். நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, இறங்கப் போறியளோ? இஞ்சை ஹோல்ட் இல்லை.”

“இல்லை அண்ணை. உங்கடை பஸ்ஸின்ரை பின் அச்சுக்கு ஒயில் பாத்துக் கனநாளோ?”

“ஏன், மணக்குதோ?”

“கேக்குது.”

“எங்களுக்கு முதலாளியின்ரை சத்தம்தான் எந்த நேரமும் கேக்கும். அதுக்கை உது எங்கை கேக்கப் போகுது?”

முன் இருக்கைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு திரும்ப இருக்கையில் அமர்ந்தேன். ஆனால் காலை அந்தத் தகரத்தில் அழுத்தி வைத்து, இறங்குமிடம் வரைக்கும் கேட்டுக்கொண்டே போனேன்.

கொக்குவிலில் ஒரு சின்னக் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதுகிற மென்பொருளில் பிழை பிடிப்பது என் வேலை. பக்கத்துக் கதிரையில் இருப்பவள் என் சிநேகிதி, வடகரைக்காரி. அவளுடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வள்ளம் கட்டினவர்கள், கடலோடினவர்கள். அவள் கணக்கில் முதல் வகுப்பு எடுத்துவிட்டு என்னோடு வந்து பிழை பிடிக்கிறாள். நான் பையைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்:

“எடியே, பின்னுக்கடி. பின்னுக்கு.”

“காலமை வந்ததும் வராததுமாய் என்னடி பின்னுக்கு?”

“லொறி.”

“பேந்தும் லொறியோ?” என்று கணினித் திரையைப் பார்த்தபடியே கேட்டாள். “போன கிழமை கியர்பொக்ஸ் எண்டு சொன்னனி. அதுக்கு முதல் வேறை என்னவோ.”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு ஒன்று பிடித்தால் அதே கதைதான். தேனீப் பெட்டி வைத்தேன், தேனீக்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டன. பழைய வானொலிகளைப் பிரித்தேன், அதில் பாதி இன்னும் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. “இவளுக்கு மாதத்துக்கு ஒரு விசர்” என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவா. ஆனால் லொறி விசர் மட்டும் போன வருடத்திலிருந்து விடாமல் பிடித்திருக்கிறது.

லொறி பெரியப்பாவுடையது. வெள்ளைக்காரன் நாட்டில் செய்தது. அப்பாவைவிட வயது கூட. வட்ட வெளிச்சங்கள், நடுவில் பிரிந்த முன் கண்ணாடி, பலகைத் தட்டு. வெங்காயம், புகையிலைச் சிப்பம், விறகு என்று ஒரு காலத்தில் எல்லாம் ஏற்றியது. பெரியப்பா பிள்ளைகளோடு கனடா போய்விட்டார். ஆனாலும் லொறியின் வரிப் பத்திரத்தையும் காப்புறுதியையும் ஆளைப் பிடித்து ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பார், நேர்த்திக்கடன் மாதிரி. அது வேப்பமரத்துக்குக் கீழே படங்கு மூடி நின்றது. போன வருடம் நான் எஞ்சினை இளக்கி, பிரேக்குகளைச் சரிசெய்து, ஸ்டார்ட் பண்ணினேன். ஒழுங்கையில் ஒரு முறை ஓட்டியபோதுதான் ஊளை வெளிப்பட்டது. அயலில் உள்ள நாய்களெல்லாம் பதிலுக்கு ஊளையிட்டன.

அதுவரைக்கும் எல்லாம் பகிடியாகத்தான் இருந்தது. பிறகு அக்காவுக்கு வீடு கட்டுவது என்று முடிவாகி, மேசன் வளவில் நூல் பிடித்தார். லொறியின் முன் சில்லு நிற்கிற இடத்தில் அக்காவின் குசினி வந்து விழுந்தது. அத்திவாரம் வெட்ட வருகிற புதன்கிழமை பெக்கோ இயந்திரம் வருகிறது. செவ்வாய்க்கிழமை விடிய, பழைய இரும்பு வாங்குகிறவர்கள் காஸ் நெருப்போடு வந்து லொறியைத் துண்டு துண்டாக வெட்டுவதாகப் பேச்சு.

இடம் இல்லாமல் இல்லை. சிநேகிதியின் தமக்கை கலியாணம் கட்டி அரியாலையில் இருக்கிறா. அவர்களுக்குச் சும்மா கிடக்கிற தென்னங்காணி ஒன்று இருந்தது. “கொண்டுவந்து விடுங்கோ, கோழி அடையும்” என்று சொல்லிவிட்டா. கொண்டுபோய் விடுவதுதான் பாடு. ஏற்றிச் செல்கிற பெரிய வாகனம் எங்கள் ஒழுங்கை முடக்கில் திரும்பாது. கட்டி இழுக்கலாம் என்றால் அப்பா ஒரே சொல்லில் முடித்தார்:

“இழுத்தாலும் சில்லு சுத்தத்தானே வேணும் பிள்ளை. நடு றோட்டிலை இறுகிச்சுதெண்டால் ஆர் பாக்கிறது? ஊளை நிண்டால் நானே ஓட்டிக்கொண்டு போய் விடுறன். நிக்காட்டி வெட்டட்டும்.”

அப்பாவிடம் கனரக வாகன அனுமதிப்பத்திரம் இருக்கிறது. வாலிபத்தில் இதே லொறியை அவரும் ஓட்டியவர். ஆகவே அது வெறும் பேச்சல்ல. ஊளை நிற்க வேண்டும், அதுவும் செவ்வாய்க்கு முன்.

பின் அச்சை நான் ஏன் அதுவரை தொடவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. லொறியின் பின் அச்சின் நடுவில் இரும்புச் சட்டி போலப் பருத்த ஒரு பகுதி இருக்கும். எஞ்சினிலிருந்து வருகிற சுழற்சியை இரண்டு பக்கச் சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரங்கள் அதற்குள்தான். அவை தடித்த ஒயிலில் தோய்ந்து கிடக்க வேண்டும். தொடக்கத்திலேயே நான் கனடாவுக்கு அழைத்துக் கேட்டிருந்தேன், “பெரியப்பா, பின் அச்சுக்கு என்ன ஒயில் விட்டிருக்கிறியள்?” என்று. அவர் யோசிக்கவே இல்லை.

“அதுக்கு நல்ல எண்ணெய்தான் விட்டது பிள்ளை. அதை நினைச்சுப் பயப்பிடாதை.”

நானும் பயப்படவில்லை. பின் அச்சைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன்.

பஸ்ஸில் விளங்கிய அன்று பின்னேரமே கியர் ஒயில் வாங்கப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் வாசித்து வைத்திருந்தேன்: பழைய அச்சுகளில் பித்தளை வகைப் பாகங்கள் இருக்கலாம், இப்போது வருகிற சில ஒயில்களில் கலந்திருக்கிற மருந்து அதை அரிக்கும், ஆகவே பழைய வகைதான் வேண்டும். கடைக்காரர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஏணி வைத்து ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு கானை இறக்கித் தூசு தட்டினார்.

“ஆருக்குத் தங்கச்சி, அப்பாவின்ரை ட்ரக்டருக்கோ?”

“லொறிக்கு.”

“ஆர் மாத்திறது?”

“நான்தான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப ஒரு சவர்க்காரமும் வாங்கிக்கொண்டு போங்கோ. இந்த மணம் கையை விட்டுப் போகாது.”

சவர்க்காரத்தையும் வாங்கினேன்.

சனிக்கிழமை விடிய சிநேகிதி தமையனின் பழைய காற்சட்டையோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். முதலில் லொறியை ஒழுங்கை முனை வரைக்கும் மெதுவாக ஓட்டித் திருப்பிக் கொண்டுவந்தேன். உள்ளே கிடப்பது சூடானால்தான் இளகி ஓடும். ஊளை கேட்டு அயல்வீட்டு நாய் வழக்கம்போல எழும்பியது. “அது உன்ரை லொறியைத் தன்ரை ஆள் எண்டு நினைக்குது” என்றாள் அவள். சில்லுகளுக்குக் கல் அடைகொடுத்துவிட்டு இரண்டு பேரும் சாக்கை விரித்துக் கீழே தவழ்ந்தோம்.

சட்டியின் அடியில் ஒரு பூட்டாணி, திருகி மூடுகிற அடைப்பு, வடிப்பதற்கு. பக்கவாட்டில் கொஞ்சம் மேலே இன்னொன்று, ஊற்றுவதற்கு. அடியில் இருந்ததுதான் கைக்கு எட்டியது. ஸ்பனரின் பிடியில் தண்ணீர்க் குழாய் ஒன்றை மாட்டி நீளமாக்கி, இருவருமாகத் தொங்கினோம். அது இவ்வளவு லேசாகக் கழன்றுவரும் என்று நான் நினைக்கவில்லை. கீழே பிடிக்கக் குசினியிலிருந்து வடை பொரிக்கிற பழைய தாச்சி ஒன்றை எடுத்து வைத்திருந்தேன்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு, பனங்கட்டி காய்ச்சும்போது அகப்பையிலிருந்து பாணி இறங்குமே, அப்படி ஒரு கறுத்த நூல் இறங்கியது. ஆறுதலாக, மடிப்பு மடிப்பாகத் தாச்சியில் விழுந்து கிடந்தது. விரலில் தொட்டால் பிசின் மாதிரி இழுபட்டது. நான் அப்படியே படுத்தபடி பேசிக்கொண்டே இருந்தேன்: இது வழுக்கவே இல்லை, பல்சக்கரம் இதற்குள் சுற்றவில்லை, வெறும் இரும்பில் இரும்பு உரசியிருக்கிறது, அதுதான் ஊளை, அதுதான்.

“எனக்குப் பசிக்குது” என்றாள் சிநேகிதி.

“இப்பவோ?”

“ஏனெண்டு தெரியேல்லையடி. ஆரோ வடை சுட்டு வைச்சு மறந்த மாதிரி ஒரு மணம்.”

அந்த நேரம் பார்த்து அம்மாவின் கால்கள் லொறிக்குப் பக்கத்தில் வந்து நின்றன. “ஆர் என்ரை தாச்சியை எடுத்தது?”

“பழசுதானேயம்மா.”

அம்மா குனிந்து பார்த்தா. தாச்சியைப் பார்த்தா. பிறகு மூக்கைச் சுருக்கிக்கொண்டு இன்னும் குனிந்தா.

“உது நல்லெண்ணெயெல்லோ. காறிப்போன நல்லெண்ணெய்.”

“இல்லையம்மா, உது பெரியப்பா விட்ட நல்ல எண்ணெய்…”

சிநேகிதி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் மறுபடி ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நல்ல எண்ணெய். நல்லெண்ணெய். கெதியாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுதான்.

நான் அன்றைக்கே பிடித்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் வாகனத்துக்கு விடுவது ஒயில், குசினியில் இருப்பது எண்ணெய். ஒருவரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். நான் ஒயில் என்று கேட்டேன், அவர் எண்ணெய் என்று சொன்னார். எவ்வளவு நேர்மையான மறுமொழி. எழுத்துக்கு எழுத்து பிழை பிடிக்கிறதுதான் என் தொழில், இதைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

லொறிக்குக் கீழே கிடந்தபடியே கனடாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். பெரியப்பாவின் நெற்றியும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன.

“பெரியப்பா, பின் அச்சுக்கு நல்லெண்ணெயோ விட்டனீங்கள்?”

“ஓம். நான் முந்தியே வடிவாய்ச் சொன்னனானே.”

“நான் நல்ல… எண்ணெய் எண்டு விளங்கிட்டன்.”

“அதுவும் சரிதானே. செக்கிலை ஆட்டினது.” நெற்றி ஆடியது. “சண்டை நாளிலை பாதை பூட்டு, ஒரு சொட்டு ஒயில் ஊருக்கு வரேல்லை. எஞ்சினுக்கு மண்ணெண்ணெய். இதுக்கு என்னத்தை விடுறது? உன்ரை பெரியம்மா ஒளிச்சு வைச்ச போத்தலெல்லாம் எடுத்து ஊத்தினனான். அவ ஒரு கிழமை என்னோடை கதைக்கேல்லை.”

“பேந்து மாத்தேல்லையோ?”

“பேந்து அது எங்கை ஓடினது? இரண்டு தரம் விறகு ஏத்தினது. அவ்வளவுதான். இப்ப என்ன, ஊளையிடுதோ?” குரலில் கவலையை மறைத்துக்கொண்டு கேட்டார். “வெட்டிப் போடாதேங்கோ.”

நல்லெண்ணெய் மெல்லக் காய்கிற எண்ணெய். வருடக்கணக்கில் கிடந்தால் தடித்துப் பிசினாகிவிடும். எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. ஊளைக்குக் காரணம் கிடைத்துவிட்டது, பல்சக்கரம் தேயாமல் இருந்தால் புது ஒயில் விட்டதும் எல்லாம் சரி. தாச்சியில் கிடந்ததை விரல்களுக்கிடையில் உரசிப் பார்த்தேன். இரும்புத் துண்டு ஒன்றும் தட்டுப்படவில்லை. துண்டு வந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

“சரி, இனி மேல் பூட்டாணியைக் கழட்டி ஊத்துவம்” என்று ஸ்பனரை மாட்டினேன்.

அது அசையவில்லை. குழாயை மாட்டி இருவரும் தொங்கினோம். அசையவில்லை. சுத்தியலால் தட்டினோம். ஸ்பனர் வழுக்கி என் விரல் மொளியில் தோல் உரிந்தது. சதுரமான அதன் தலை மெல்ல உருண்டையாகத் தொடங்கியிருந்தது. சுற்றிவரக் கறுப்பாக, கல்லுப்போல ஏதோ படிந்திருந்தது.

“மெய்யே” என்றாள் சிநேகிதி. “ஊத்திற ஓட்டையைத் திறந்து பாத்திட்டெல்லோ மற்றதை வடிக்க வேணும்?”

அதை நான் வாசித்திருந்தேன். எல்லா இடத்திலும் முதல் வரியே அதுதான். கை எட்டிய பூட்டாணியைக் கண்டதும் அந்த வரி பறந்துவிட்டது. இப்போது சட்டிக்குள் பிசின்கூட இல்லை. நிரப்பவும் வழியில்லை.

அப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, மண்வெட்டியை மரத்தில் சாத்திவிட்டுக் குந்தி இருந்து பார்த்தார். நடந்ததை நான் ஒரே மூச்சில் சொன்னேன். நல்லெண்ணெய்க் கதைக்கு மட்டும் அவருடைய மீசை கொஞ்சம் அசைந்தது.

“முதல் ஊளையிட்டெண்டாலும் ஓடினது. இப்ப அசைக்கவும் ஏலாது. அப்பிடித்தானே?”

“இண்டைக்குப் பொழுதுபடுமட்டும் தாங்கோ அப்பா.”

“எனக்கென்ன, நீ ஞாயிறும் திங்களும் எடு. செவ்வாய் விடிய அவங்கள் வந்திடுவாங்கள்.”

மறுபடி பெரியப்பாவுக்கு அழைத்தேன். அங்கே நித்திரைக்குப் போய்விட்டார் போல, எடுக்கவில்லை. பூட்டாணியை அறுத்து எடுப்பதா, துளைப்பதா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். துளைத்தால் இரும்புத் தூள் உள்ளே விழும். சிநேகிதி என் பேச்சைக் கேட்கவில்லை. தலைமயிரிலிருந்து கிளிப்பைக் கழற்றி, அந்தக் கறுப்புப் படிவில் ஒரு சின்னப் பொருக்கைப் பெயர்த்தெடுத்தாள். வெளியே தவழ்ந்துபோய் வெயிலில் பிடித்தாள். ஓரத்தில் தேன் நிறம் தெரிந்தது. அம்மாவின் நெருப்புப் பெட்டியை வாங்கி ஒரு குச்சியைக் காட்டினாள். பொருக்கு குமிழ்விட்டுப் புகைந்தது.

“எடியே. உது துருவுமில்லை, தாருமில்லை. குங்கிலியம்.”

“கோயிலிலை போடுறதோ?”

“உங்களுக்குக் கோயில். எங்களுக்கு வள்ளம். பலகை இடுக்குக்கை பஞ்சைச் செருகிப்போட்டு, குங்கிலியத்தை எண்ணெயோடை காய்ச்சி மேலை பூசிறது. தண்ணி ஒரு சொட்டுப் போகாது. எங்கடை வளவு முழுக்க இந்த மணம்தான்.” அவள் லொறியைப் புதிதாகப் பார்க்கிறவள்போலப் பார்த்தாள். “உன்ரை பெரியப்பா எங்கடை கரையிலை ஆரையோ பிடிச்சு லொறிக்கு ஓட்டை அடைச்சிருக்கிறார்.”

ஒயில் வராத காலத்தில் அடைப்புப் பசை மட்டும் எங்கிருந்து வரும்? நல்லெண்ணெய் ஊற்றத் திறந்த ஓட்டையால் ஒழுகாமல் இருக்க, வள்ளத்துக்குச் செய்வதையே செய்திருக்கிறார்கள். நான் சந்தோசத்தில் எழும்பப் பார்த்து, தட்டுச் சட்டத்தில் தலையை அடித்துக்கொண்டேன்.

“எப்பிடிக் கழட்டிறது?”

“அடிச்சால் கல்லு. சூடு காட்டினால் இளகும்.”

நெருப்பை நேராகக் காட்ட அப்பா விடவில்லை. தாச்சியைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தார், சட்டியின் அடியை எல்லாம் துணியால் துடைக்கச் சொன்னார், பெற்றோல் தாங்கி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தானே குனிந்து பார்த்தார், ஒரு வாளி மணலோடு பக்கத்தில் நின்றார். நான் குழி தோண்டுகிற அலவாங்கின் நுனியை அம்மாவின் விறகடுப்பில் செருகினேன்.

“சோறு வேகுது. பானையைத் தட்டிப் போடாதை.”

நுனி சிவந்ததும் ஓடிவந்து, கீழே தவழ்ந்து, பூட்டாணியின் தலையில் அழுத்திப் பிடித்தேன். முதல் தரம் ஒன்றும் இல்லை. திரும்பவும் அடுப்பு, திரும்பவும் ஓட்டம். இந்த முறை கறுப்பு ஓரம் மினுங்கத் தொடங்கியது. புகை வந்தது. கோயில் மூலஸ்தானத்தில் வருகிற அதே மணம் வேப்பமரத்தடி முழுக்கப் பரவி மதிலுக்கு அப்பாலும் போயிருக்க வேண்டும். அயல்வீட்டு மாமியின் குரல் கேட்டது.

“என்ன, இண்டைக்கு உங்கை பூசையோ?”

“ஓம்” என்றா அம்மா, முகத்தை மாற்றாமல். “லொறிக்கு.”

“எப்ப பிரசாதம்?”

“தாச்சியிலை கிடக்கு. பாத்திரம் கொண்டு வாங்கோ.”

நான் அலவாங்கை விலக்க, சிநேகிதி ஸ்பனரை மாட்டினாள். அவள் தொங்க, நான் அவளுடைய கையைப் பிடித்துத் தொங்கினேன். ‘டக்’ என்று முறிந்தாற்போல ஒரு சின்னச் சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், மணல் வாளியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஸ்பனர் சுற்றத் தொடங்கியது.

ஓட்டைக்குள் கைபேசியின் வெளிச்சத்தைக் காட்டிப் படம் எடுத்தேன். பல்சக்கரத்தின் பற்கள் தேத்தண்ணி நிறத்தில் பூசப்பட்டு வரிசையாகத் தெரிந்தன. விரலை விட்டுத் தடவினேன். எல்லாப் பற்களும் முழுசாக, விளிம்பு மழுங்காமல் இருந்தன. இத்தனை வருடம் அந்தப் பிசின் வழுக்கவிடாவிட்டாலும் துருப்பிடிக்க விடாமல் வைத்திருந்திருக்கிறது. பெரியம்மாவின் போத்தல்கள் வீண்போகவில்லை.

அதற்குப் பிறகு வேலை பறந்தது. பின் சில்லுகளை ஜக்கால் தூக்கி, அச்சுக்குக் கீழே பனங்குற்றிகளை வைத்தோம். கொஞ்சம் மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றி, ஆளுக்கொரு சில்லைக் கையால் சுற்றினோம். வடித்தோம், மறுபடி ஊற்றினோம், மறுபடி சுற்றினோம். கறுப்பாக வந்தது பழுப்பாகி, கடைசியில் கிட்டத்தட்டத் தெளிவாக வந்தது. அச்சின் மேலே காற்றுப் போக ஒரு சின்னத் துவாரம் இருக்கும் என்று வாசித்திருந்தேன். அதைத் தேடினால் குளவி மண்கூடு கட்டி அடைத்து வைத்திருந்தது. ஈர்க்கால் குத்தி எடுத்தேன்.

அடிப் பூட்டாணியைப் பூட்டியாயிற்று, புது ஒயில் ஊற்றுவதற்குத்தான் ஒரு யோசனை வேண்டியிருந்தது. கீழே இருந்து தடித்த ஒயிலை மேலே தள்ள எங்களிடம் பம்பு இல்லை. நான் தட்டுப் பலகைகளில் ஒன்றைக் கழற்றி, அந்த இடைவெளியால் ரப்பர் குழாயை இறக்கினேன். கானை வெயிலில் வைத்து இளக்கி, மேலே இருந்து புனலில் ஊற்றினேன். சிநேகிதி கீழே குழாயைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். மேல் ஓட்டையின் விளிம்பால் ஒயில் வழிந்தால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம்.

“வருதோ?”

“இல்லை.”

“இப்ப?”

“இல்லையடி. இந்த நாத்தத்துக்கு நல்லெண்ணெயே பரவாயில்லை.”

“இப்ப வருதோ?”

“வருது. என்ரை காதுக்கை வருது. நிப்பாட்டு.”

மேல் பூட்டாணிக்குக் கடையில் வாங்கின பசையைப் பூசி இறுக்கினோம். மதியச் சோற்றைக் கையில் மணத்தோடு சாப்பிட்டோம். வாங்கிய சவர்க்காரம் பாதி கரைந்தும் கடைக்காரர் சொன்னதுதான் நடந்தது.

பின்னேரம் குற்றிகளை எடுத்து லொறியை இறக்கினோம். ஸ்டார்ட் பண்ணி, அடைகல்லை எடுத்து, நானே ஒழுங்கைக்குள் இறக்கினேன். அப்பா முடக்கில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் கியரில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதில் கேட்கவில்லை. மூன்றாவதில், மிதித்தபோது, எங்கோ கீழே மெல்லிய ஒரு சத்தம். ஊளை என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

நிறுத்தினேன். அப்பா நடந்து வந்து கதவைத் திறந்தார்.

“இறங்கு. நான் பாக்கிறன்.”

அவர் ஓட்டினார். நான் பின் தட்டில் ஏறி, பலகை கழற்றிய இடத்தில் குப்புறப் படுத்துக் காதைக் கொடுத்தேன். புகையிலைத் தோட்டங்கள் தொடங்குகிற இடம் வரைக்கும் போனோம். அவர் வேண்டுமென்றே மிதித்தார், விட்டார், மிதித்தார். திரும்பி வரும்போது அயல்வீட்டு நாய் படலைக்குள் படுத்திருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டது.

அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டார். “பின்னுக்கு இருந்தது நீ. நிண்டிட்டுதோ?”

நின்றுவிட்டது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நாளைக்கு நடு றோட்டில் இருக்கப்போவது அவர்.

“ஊளை நிண்டிட்டுது அப்பா. கொஞ்சம் முனகுது.”

அவர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டார். பிறகு இறங்கினார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

“முனகல் எனக்கும்தான் இருக்கு. நாளைக்கு விடிய வெள்ளன வெளிக்கிடுவம். சனம் எழும்ப முதல்.”

“அப்ப இரும்புக்காரருக்கு வரவேண்டாம் எண்டு சொல்லட்டோ?”

“அரியாலை போய்ச் சேரட்டும். அங்கை நிண்டு சொல்லுவம்.”

இப்போது கிணற்றடியில் இருந்து இதைக் கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பொழுதுபடப் போகிறது. கழற்றிய பலகையை நான் திரும்பப் பூட்டவில்லை. நாளை விடிய அப்பா ஓட்டுவார், நான் அந்த இடைவெளியில் காதை வைத்துக்கொண்டு பின் தட்டில் படுத்திருப்பேன், சிநேகிதி மிச்ச ஒயில் கானோடு ஸ்கூட்டியில் பின்னால் வருவாள். பெரிய றோட்டை விட்டு, பஸ் போகிற அதே உள்றோட்டால்தான் போகப் போகிறோம். கொக்குவில் கடவைக்குக் கிட்டப் போனதும் ஒரு தரம் காலை எடுத்துவிட்டுத் திரும்ப மிதிக்கச் சொல்லி அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கதவு திறந்திருந்தாலும் எடுப்பார். மறுபடி மிதிக்கும்போது அந்த முனகல் ஊளையாகாமல் இருந்தால் பட்டணத்தைத் தாண்டிவிடலாம். பட்டணத்தைத் தாண்டினால் பிறகு தென்னங்காணி மணல்தான் மிச்சம். அதில் பின் சில்லு புதையாமல் ஏற்றுவதற்குப் பின்னிய தென்னோலைக் கிடுகு பரப்பி வைக்கச் சொல்லி அரியாலைக்கு இப்போதுதான் அழைத்துச் சொன்னேன்.